வெட்டினால் ஒட்டாது: பழைய காரும் வியாபாரக் கணக்கும்

ராகலை, கந்தப்பளை, உடப்புசல்லாவை போன்ற ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறையாகக் கடை நடத்தி வரும் குடும்பங்கள் பல உண்டு. அப்படிப்பட்ட வீடுகளில் சிலவற்றின் பின்புறத்தில், விறகு மடுவத்துக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று நிற்பது அதிசயமல்ல. மொரிஸ் மைனராக இருக்கலாம், ஒஸ்டினாக இருக்கலாம், லேண்ட் ரோவராக இருக்கலாம். மூத்தவாப்பா கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போன வாகனம். பல வருடங்களாக ஸ்டார்ட் ஆகவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

வீட்டில் பேச்சு எழும்போது அது பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"வாப்பா, மேல் பகுதியை வெட்டி ஓப்பன் காராக்கினால் கல்யாண வாடகைக்கு நல்ல கிராக்கி" என்பார் மகன்.

"முதலாளி, எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பான் எஞ்சின் வைப்போம். நுவரெலியா மேடு எல்லாம் ஒரே மூச்சில் ஏறும்" என்பார் கராஜ் பாஸ்.

கொழும்பிலிருந்து விலை கேட்டு வருபவரோ, "ஒன்றிலும் கை வைக்காதீர்கள். நிற்கிறபடியே தாருங்கள்" என்பார்.

மூவர் சொல்வதும் பணத்தைப் பற்றித்தான். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அவசரப்பட்டு எடுக்கும் முடிவினால் ஒரு குடும்பம் பல இலட்சங்களை இழக்கவும் கூடும். ஆகவே இதனை ஒரு வியாபாரக் கணக்காகவே இவ்வாரம் பார்ப்போம்.

மலைக்கு வந்த சரக்கு

ஒரு காலத்தில் ராகலைக்கு ரயில் வந்தது. 1900களின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை இரண்டரை அடி அகலமுள்ள சிறிய பாதை போடப்பட்டது. 1940களில் அது இல்லாமற் போனது. தேயிலையும் உரமும் அரிசியும் லொறிக்கு மாறின. தோட்டத் துரைமாரின் கார்கள் ஏற்கனவே மலைப் பாதைகளில் ஓடிக்கொண்டிருந்தன. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் காரோட்டப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது என்றால், இப்பகுதிக்கும் காருக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதற்கு முன்னும் பின்னுமாக வெள்ளைக்காரத் துரைமார் ஊர் திரும்பியபோது கார்கள் உள்ளூர்க் கைகளுக்கு வந்தன. மறுபுறம், 1960களில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருக்கும் வாகனத்தை எப்படியாவது ஓட வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வெளிநாட்டில் கழித்துப் போட்ட பிரித்தானிய கார்கள் இலங்கையில் உயிரோடு இருப்பதற்கு எமது பாஸ்மார்களின் கைவேலையே காரணம்.

இதே அனுபவம் மீண்டும் ஒருமுறை வந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில், ஓடக்கூடிய எதற்கும் விலை ஏறியது. இந்த இடத்தில்தான் ஒரு வர்த்தகர் நிதானமாக யோசிக்க வேண்டும்.

ஒரு பழைய காரில் இரண்டு பெறுமதிகள் இருக்கின்றன. ஒன்று, ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வதற்கான பெறுமதி. மற்றது, அது அரும்பொருளாக இருப்பதனால் வரும் பெறுமதி. இறக்குமதி மூடியிருக்கும்போது முதலாவது ஏறும். கப்பல் வந்ததும் இறங்கும். இரண்டாவது கப்பலைப் பார்ப்பதில்லை. 1950களில் செய்த காரை இனி எந்தத் தொழிற்சாலையும் செய்யப் போவதில்லை.

ஜப்பான் எஞ்சினும் புதிய சீட்டும் பளபளக்கும் பெயின்டும் போட்டு ஒரு மைனரை "புதிசு போல" ஆக்குபவர், அதனை இரண்டாவது சந்தையிலிருந்து எடுத்து முதலாவது சந்தையில் நிறுத்துகிறார். அங்கே அது யாரோடு போட்டி போடுகிறது? ஏசியும் பவர் ஸ்டியரிங்கும் உள்ள ஜப்பான் ரீகண்டிஷன் காரோடு. எவ்வளவு செலவழித்தாலும் அந்தப் போட்டியில் மைனர் வெல்லாது.

மாற்றுவதும் பழைய வழக்கமே

அப்படியானால் பழைய காரில் ஒரு திருகாணியையும் தொடக் கூடாது என்று சொல்ல வருகிறோமா? இல்லை. மாற்றுவதற்கும் நியாயம் இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் உயர்ந்த கார்கள் பொடியோடு விற்கப்படவேயில்லை. ரோல்ஸ் ரொய்ஸ் கம்பனி பல்லாண்டுகளாகச் செசியையும் எஞ்சினையும் மட்டும் விற்றது. வாங்கியவர் தமக்குப் பிடித்த பொடி கட்டும் கம்பனியிடம் கொடுத்துக் கூடு போட்டுக்கொண்டார். பொடி பழையதாகும்போது அதைக் கழற்றிப் புதியது போட்டவர்களும் உண்டு. எமது நாட்டிலும் லொறியும் பஸ்ஸும் செசியாக வந்து, இங்கேயே பலகையிலும் தகரத்திலும் பொடி கட்டப்பட்டன. மலை நாட்டு மரக்கறி வியாபாரம் அந்தப் பொடிகளில்தான் வளர்ந்தது.

இன்னொரு தேயிலை நாட்டைப் பாருங்கள். டார்ஜிலிங் மலைகளில் மானேபஞ்சாங் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து 3,600 மீற்றருக்கும் மேலான சந்தக்பூ உச்சிக்கு 31 கிலோமீற்றர் கல் பாதை. பழைய லேண்ட் ரோவர்கள் அந்தப் பாதையில் பல்லாண்டுகளாகப் பயணிகளையும் சாமானையும் ஏற்றிச் செல்கின்றன. உதிரிப்பாகம் கிடைக்காததால் அவற்றில் பலவற்றுக்கு மஹிந்திரா டீசல் எஞ்சின் வைத்திருக்கிறார்கள். அசல் வாதம் பேசும் ஒருவர் முகம் சுளிக்கலாம். ஆனால் எஞ்சினை மாற்றியிருக்காவிட்டால் அவை என்றோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும். 2018இல் லேண்ட் ரோவரின் 70ஆவது ஆண்டு நிறைவின்போது அந்தக் கம்பனியே மானேபஞ்சாங் சென்று அச்சாரதிகளைக் கொண்டாடியது.

உழைக்கும் வாகனத்துக்கு உழைப்பே முதல் நியாயம். வலப்பனைப் பக்கம் இறங்கும் வளைவுகளில் பிரேக் பிடிக்காத அசல் காரை விட, பிரேக் மாற்றிய கார் மேலானது. ஆகவே, மாற்றலாமா கூடாதா என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எதை மாற்றுகிறோம், மாற்றியதை நாளை திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

எஞ்சினுக்கு ஒன்று, செசிக்கு ஐந்து

இதற்கு ஓர் அளவுகோல் பிரித்தானியாவில் இருந்தது. அந்நாட்டு வாகனப் பதிவு நிறுவனம், பெருமளவு மாற்றிக் கட்டிய கார் தன் பழைய இலக்கத்தை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்க நீண்ட காலம் புள்ளி முறையொன்றைக் கையாண்டது. செசிக்கு அல்லது தனிச் செசி இல்லாத காரின் பொடிக் கூட்டுக்கு 5 புள்ளிகள். சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் பகுதி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. குறைந்தது 8 புள்ளி இருந்தால் பழைய இலக்கம் நிற்கும். அதில் செசியின் 5 புள்ளி கட்டாயம் இருக்க வேண்டும்.

காரின் இதயம் எஞ்சின் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் காரின் அடையாளம் கூட்டில்தான் இருக்கிறது என்று அந்தக் கணக்கு சொன்னது. காரணமும் எளிது. எஞ்சின் நாலைந்து போல்ட்டில் நிற்கிறது, கழற்றலாம், பூட்டலாம். கூட்டை வெட்டினால் வெட்டியதுதான்.

மகன் கேட்ட ஓப்பன் காரை இப்போது எடுத்துக்கொள்வோம். மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். அதற்குத் தனிச் செசி கிடையாது. தரையும் பக்கமும் கூரையும் சேர்ந்த பெட்டிதான் அதன் பலம். கம்பனி தானே செய்த ஓப்பன் மைனரில், கூரை இல்லாத குறையை ஈடுகட்ட உள்ளே மேலதிகத் தகடுகள் வைத்துப் பலப்படுத்தியது. சாதாரண மைனரின் கூரையை மட்டும் வெட்டி எடுத்தால் நடுப்பகுதி தாழும், கதவு பிடிக்கும். துருப்பிடித்த காராக இருந்தால் ஆளுக்கே ஆபத்து. கல்யாண வாடகையில் வரும் பணம், பிறகு டிங்கர் வேலைக்கே போய்ச் சேரும். விற்கப் போனால், "வெட்டிய கார்" என்ற பெயர் அதை விட்டுப் போகாது.

லேண்ட் ரோவர் கணக்கு வேறு. அதற்குத் தனிச் செசி உண்டு. யுத்தத்துக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால் 1948 முதல் அதன் பொடி அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. ஆகவே பொடி பார்வைக்கு நன்றாக இருக்கும். அடியில் உருக்குச் செசி மலை மழையில் உளுத்திருக்கும். இதனை வாங்குபவர் பெயின்டைப் பார்க்காமல் அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு கோடி பவுண் வழக்கு

அசல் என்றால் என்ன என்ற கேள்வி நீதிமன்றம் வரை போன கதை ஒன்று உண்டு. வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டிய கதை அது.

பென்ட்லி கம்பனியின் "ஓல்ட் நம்பர் வன்" என்ற ஓட்டப் போட்டிக் கார் 1929இலும் 1930இலும் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் போட்டியில் வென்றது. ஒவ்வொரு போட்டிக்கும் அதன் பாகங்கள் மாற்றப்பட்டன. 1932இல் இங்கிலாந்தின் புரூக்லன்ட்ஸ் ஓட்டப்பாதையில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் உயிரிழந்தார். அதன் பிறகு மூடிய பொடியொன்று கட்டப்பட்டது. பிற்காலத்தில் அதுவும் போய், பழைய தோற்றத்தில் மீண்டும் ஒரு பொடி வந்தது.

1990இல் அந்தக் கார் ஒரு கோடி பவுணுக்கு விலை பேசப்பட்டது. வாங்க ஒப்புக்கொண்ட கம்பனி பின்வாங்கியது. 1929இல் ஓடிய காரின் பாகம் இதில் ஏறக்குறைய எதுவுமே இல்லையே, இது எப்படி அந்தக் கார் ஆகும் என்பது அதன் வாதம். லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஒட்டன் விற்றவரின் பக்கம் தீர்ப்பளித்தார். அந்தக் கார் ஒரு நாளும் தன் அடையாளத்தை இழந்து மறையவில்லை. மாறி மாறி வந்தாலும் அதன் வரலாறு அறுபடாமல் தொடர்கிறது. ஆகவே அந்தப் பெயரால் அதை அழைக்கலாம் என்பதே தீர்ப்பின் சாரம்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். எப்போது என்ன மாற்றப்பட்டது என்பது தெரிந்திருந்ததால்தான் விற்றவர் வென்றார். ஆனால் அசலாகவே இருந்திருந்தால் நீதிமன்றப் படியே ஏறத் தேவை இருந்திராது.

பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா 1966இல் தொடங்கப்பட்டது. அதுவும் மாற்றங்களை ஒரே தராசில் போடுவதில்லை. அந்தக் காலத்திலேயே செய்த மாற்றத்தை ஒரு வகையாகவும், பிற்காலத்தில் செய்ததை வேறு வகையாகவும் பிரிக்கிறது. மூத்தவாப்பா காலத்தில் மரக்கறி ஏற்ற மாற்றிய பொடி இன்று வரலாறு. நேற்று நாம் மாற்றியது வெறும் மாற்றம்தான்.

புத்தகமும் பொருளும்

எமது நாட்டில் இவ்விடயத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பழைய "ஸ்ரீ" இலக்க வாகனங்களின் பதிவுப் புத்தகத்துக்குத் தனி மதிப்பு உண்டு. சிலர் காரை வாங்குவதில்லை, புத்தகத்தை வாங்குகிறார்கள். பழைய புத்தகத்தை வைத்து, பாகங்களாக வந்த வேறொரு வாகனத்தைப் பூட்டி ஓட்டும் வேலை அது. செசி இலக்கத்தை வெட்டி ஒட்டுவது குற்றம். அப்படிப்பட்ட வாகனம் பிடிபட்டால் கடைசியாக வாங்கியவரே நடுத்தெருவில் நிற்பார்.

எமது மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். எஞ்சின், நிறம், பொடி வகை போன்றவை மாறினால் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். மாற்றிவிட்டு, புத்தகத்தைப் பழையபடியே விட்டால் விற்கும் நாளில் சிக்கல். விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல்.

அயல் நாடான இந்தியா 2021இல் கொண்டு வந்த விதி இன்னும் கடுமையானது. 50 ஆண்டைத் தாண்டிய வாகனத்தை "வின்டேஜ்" என்று பதிய வேண்டுமானால், அது அசல் வடிவில் இருக்க வேண்டும். செசி, பொடிக் கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வாகனத்தை வர்த்தக நோக்கில் ஓட்டவும் முடியாது. நாளை எமது நாட்டிலும் இது போன்ற விதி வந்தால் வெட்டிய காருக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது கடினம்.

விற்பவருக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் மாற்றிய காரை அசல் என்று சொல்லி விற்பது, கீழே அழுகிய உருளைக்கிழங்கை வைத்து மேலே நல்லதைப் பரப்பி மூடையைக் கட்டுவது போன்றதே. சரக்கின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய பாடமல்ல.

கந்தப்பளையில் ஒரு கணக்கு

பழையதை வைத்துப் பணம் பண்ண முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் ராகலையிலிருந்து கந்தப்பளைக்கு ஒருமுறை போய் வரலாம். ஹெதர்செட் தோட்டத்தில் கைவிடப்பட்டிருந்த தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. எய்ட்கின் ஸ்பென்ஸ் நிறுவனம் அதை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பவில்லை. வெளித்தோற்றத்தை அப்படியே விட்டது. பழைய இயந்திரங்களையும் காட்சிக்கு வைத்தது. உள்ளே அறையும் சுடுநீரும் படுக்கையும் நவீனமாக வந்தன. பழைய சிறிய பாதை ரயில் பெட்டியொன்றைச் சாப்பாட்டு இடமாக்கியும் வைத்திருக்கிறார்கள். கூட்டைக் காத்து உள்ளே வசதி செய்தால் அந்தக் கூடே விளம்பரமாகிவிடுகிறது.

பாகங்களிலும் தொழில் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டரை நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களில் இலங்கைப் பங்காளியோடு சேர்ந்து டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இங்கேயே செய்வித்தார். எமது டிங்கர் பாஸ்மாரின் கைத்திறனுக்கு வெளிநாட்டில் வாங்க ஆள் உண்டு என்பதற்கு அது சாட்சி. கூரையை வெட்டும் அதே கை, உளுத்த பாகத்தை அச்சாக அதே வடிவில் செய்து பொருத்தவும் வல்லது. முதலாவது வேலைக்கு ஒரு முறை கூலி. இரண்டாவதில் நிரந்தரத் தொழில் இருக்கிறது.

கையில் இருக்கும் பணத்தை எப்படிச் செலவிடுவது?

பின்புறத்தில் கார் வைத்திருப்பவர்களுக்குச் சில யோசனைகள்:

முதலில் ஈரத்தை நிறுத்துங்கள். நுவரெலியா மாவட்டத்தின் மழையும் மூடுபனியும் தகரத்துக்கு எமன். தார்ப்பாயைக் காரோடு ஒட்டிப் போர்த்தினால் உள்ளே வியர்த்துத் துரு கூடும். கூரை போட்டுக் காற்றோட்டம் விடுவது நல்லது. இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. காப்பாற்றும் பணம் மிக அதிகம்.

அடுத்தது பாதுகாப்பு. பிரேக், டயர், வயர், விளக்கு. முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் போட்டால், கழற்றிய பழைய ட்ரம்மை எறிய வேண்டாம். எண்ணெய் பூசிப் பெட்டியில் கட்டி வையுங்கள். பழைய பிரித்தானிய கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதை அறியாமல் புதிய ரேடியோ பூட்டினால் புகைதான் வரும்.

எஞ்சினைத் தூக்குமுன் திருத்த முடியுமா என்று பாருங்கள். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்ட பின், பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேய்வது வழக்கம். கடினமான இருக்கைகள் வைத்தால் போதும். வெளியே எதுவும் தெரியாது, அசலும் கெடாது. ஜப்பான் எஞ்சின் வைத்தே ஆக வேண்டுமானால், தளத்தையும் தடுப்புத் தகட்டையும் வெட்டாமல் பொருந்தும் எஞ்சினைத் தெரிவு செய்யுங்கள். பழைய எஞ்சினை இரும்புக்குப் போடாதீர்கள். அடுத்த முறை கார் விலைபோகும்போது அந்த எஞ்சினும் விலையில் சேரும்.

பெயின்ட் கடைசி. பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். துருவின் மேல் அடித்த பெயின்ட் ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பழைய இலக்கத் தகடு, பழைய ரசீது, வாப்பா காரில் சாய்ந்து நிற்கும் போட்டோ, ஒவ்வொரு வேலையும் செய்த திகதி ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் போடுங்கள். ஒரு கோடி பவுண் வழக்கை வென்றது அப்படிப்பட்ட வரலாறுதான்.

வாங்கப் போகிறவர் புத்தகத்தையும் காரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம், பொடி ஆகிய நான்கும் ஒத்துப்போகின்றனவா? மைனராக இருந்தால் கண்ணாடியைப் பாருங்கள். 1956இல் 948 சீசீ எஞ்சினோடு வந்த மைனர் 1000க்கு முன், முன் கண்ணாடி நடுவில் பிரிந்திருக்கும். புத்தகத்தில் ஒரு வருடமும் கண்ணாடியில் இன்னொரு வருடமும் இருந்தால், கேள்வி கேட்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

எல்லாப் பழைய காரையும் காப்பாற்ற முடியாது, எல்லாமே அரும்பொருளுமல்ல. கூடு முழுவதும் உளுத்துப்போன காரை மனச்சாட்சியோடு பாகங்களாக விற்பதும் வியாபாரம்தான். அதனால் இன்னும் இரண்டு கார்கள் ஓடும். ஆனால் கூடு உறுதியாக நிற்கும் காரை வெட்டக் கொடுக்குமுன், ஒரு வாரம் பொறுத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கழற்றியதை நாளை பூட்டலாம். வெட்டியதை மகனாலும் ஒட்ட முடியாது, பேரனாலும் ஒட்ட முடியாது.